பனியாற்றின் மூக்குக்கு நேரே ஒரு வாணலி

என் மனைவி டெல்மாவின் அக்கா வெர்னா ஜிம், இந்த அறுபத்தேழு வயது வரைக்கும் ஒரே ஒரு காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அது கல்யாணப் பதிவேடு. கட்டியவன் மூன்றாம் வருஷம் அலாஸ்கா பக்கம் வேலை தேடிப் போனான், போனவன் போனவன்தான். "பாத்தியா மாப்ளே, போட்ட ஒரே கையெழுத்தும் வெளங்கல" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வெறுப்பு அவளுக்குச் சும்மா வரவில்லை. அவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஓர் அதிகாரி ஏரிக்கரைக்கு வந்து ஒரு காகிதத்தை நீட்டினான். படிக்கத் தெரியாத அவள் அம்மா அதில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். மறுநாள் லாரி வந்தது. எங்கள் பூர்வகுடிப் பிள்ளைகள் எல்லோரையும் போல வெர்னாவும் அரசாங்க விடுதிப் பள்ளிக்குப் போனாள். அங்கே சொந்த மொழியில் ஒரு வார்த்தை பேசினாலும் அடி. பத்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தவள் அம்மாவைக் கேட்ட முதல் கேள்வியே, "அந்தக் காகிதத்துல என்னம்மா எழுதியிருந்துச்சு?" என்பதுதான். அம்மாவுக்குத் தெரியவில்லை. மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் மீனை அறுத்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு வெர்னாவிடம் யாராவது பேனாவை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் வெறும் எழுபதாம் மைல்கல். அங்கே லாரிக்காரர்கள் சாப்பிட நிற்கும் விடுதியின் சமையலறையில் வெர்னா முப்பத்தோரு வருஷம் நின்றாள். முட்டை, பொரித்த ரொட்டி, உப்புப் பன்றிக்கறியை அதன் கொழுப்பிலேயே மொறுமொறுவென்று வறுத்த பேக்கன். அவள் வறுத்த பேக்கனுக்காகவே இருநூறு மைல் பசியோடு ஓட்டி வந்தவர்கள் உண்டு. ஆனால் வடக்கேயிருந்து காற்று அடிக்கிற நாளில் வறுவல் கிடையாது. வேகவைத்த முட்டைதான். அழுதாலும் அதுதான், அடித்தாலும் அதுதான்.

காரணம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏரிக்குத் தெற்கே மலைகளுக்கு நடுவில் பனியாறு படுத்திருக்கிறது. பனியாற்றுக்குக் காதும் உண்டு, மூக்கும் உண்டு. அதன் முன்னால் நின்று வாய்க்கொழுப்பாகப் பேசக்கூடாது, கிண்டலடிக்கக் கூடாது. முக்கியமாகக் கொழுப்பை வறுக்கக் கூடாது. அந்த வாசனை பட்டால் கோபித்துக்கொண்டு இறங்கி வந்துவிடும். அந்தப் பள்ளத்தாக்கில் வேட்டைக்குப் போனால் மூஸ் மான் கறியை நாங்கள் வேகவைத்தே தின்போம். வெள்ளைக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்கள் சிரிக்காத விஷயம் எங்களிடம் என்ன இருக்கிறது?

ஒரு தடவை விடுதி முதலாளி சமையலறையில் புகை போக்கப் புது மின்விசிறி மாட்டினான். அது தெற்குச் சுவரில் இருந்தது. வெர்னா காலையில் வந்தாள், பார்த்தாள், ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"இது எந்தப் பக்கம் ஊதுது?"

"வெளியே ஊதுது. வேற எங்கே ஊதும்?"

"தெக்கால ஊதுது. அங்க அவரு இருக்காரு."

"அடக் கடவுளே. பனியாறு நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு வெர்னா."

"கரடிக்கு இருபது கிலோமீட்டர்ல மோப்பம் தெரியுது. அவரு என்ன கரடியவிடச் சின்னவரா?"

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பன்னிரண்டு நாள் முதலாளியே சமைத்தான். பன்னிரண்டாம் நாள் லாரிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஸ்குரூடிரைவரோடு போய் விசிறியைக் கழற்றி வடக்குச் சுவரில் மாட்டிக் கொடுத்தார்கள். பதின்மூன்றாம் நாள் ஏப்ரன் ஆணியிலிருந்து இறங்கியது.

அப்படி முப்பத்தோரு வருஷம் மரியாதை கொடுத்துத் தான் பார்த்துக்கொண்ட பனியாறு இப்படிச் செய்யும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அது பின்னால் போய்க்கொண்டே இருந்தது. முதலில் மெதுவாகத்தான் போனது, நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒரு வசந்தத்தில், நாலே நாளில், ஏரிக்கு வந்துகொண்டிருந்த ஆறு நின்றுவிட்டது. பனிக்கட்டியின் நுனி அவ்வளவு தூரம் பின்வாங்கியதால், உருகிய தண்ணீருக்கு மலையின் மறுபக்கம் ஒரு வழி கிடைத்து, வடக்கே எங்களுக்கு வரவேண்டியது முழுவதும் தெற்கே கடலுக்குப் போய்விட்டது. படகு கட்டியிருந்தவர்களின் படகெல்லாம் சேற்றில் சாய்ந்து கிடந்தது. ஏரி ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே இறங்கியது. காய்ந்த படுகையிலிருந்து மாவு மாதிரிப் புழுதி எழும்பி, டெல்மாவுக்கு ஓயாத இருமல் வந்தது.

ஏரியின் தென்கோடியில் வெர்னாவின் மீன் முகாம் இருந்தது. ஒரு பலகைக் குடிசை, தகர அடுப்பு, நாலு கருவாட்டுப் பந்தல். அவள் அம்மா இருந்த இடம், வெர்னாவே பிறந்த இடம். விடுதி வேலையை விட்ட பிறகு மே முதல் அக்டோபர் வரை அங்கேதான் கிடப்பாள். பக்கத்தில் முகாம் வைத்திருந்த ஆறு குடும்பங்களும் தண்ணீர் போனதும் ஒவ்வொன்றாகக் காலி செய்துவிட்டன. அவள் மட்டும் சேற்றின் மேல் பலகைகளைப் போட்டு நடந்துபோய் வலை வீசினாள்.

அந்த ஜூலையில் நில அலுவலகத்திலிருந்து கோலின் என்று ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும், நல்ல பையன்தான். அதுதான் பிரச்சினையே, அவனைத் திட்டவும் முடியவில்லை. முகாமுக்குப் போகிற பதினோரு மைல் மண்சாலையை இனிப் பராமரிக்க மாட்டார்கள், அக்டோபர் முதல் தேதி மூடிவிடுவார்கள். அவள் கையெழுத்துப் போட்டால் வேறோர் ஏரிக்கரையில் மாற்று இடமும் புதுக் குடிசையும் கிடைக்கும். போடாவிட்டால் அதுவும் இல்லை, சாலையும் இல்லை. நெடுஞ்சாலையில் மண்ணையும் பனியையும் தள்ளிச் சமப்படுத்துகிற கிரேடர் வண்டி ஓட்டுகிறவன் நான். அந்தச் சாலையை மூடப்போகிறவனும் நான்தான்.

வெர்னா இந்தத் தடவை காகிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்தாள். 'பனியாறு இனித் திரும்ப வராது என்பதையும், ஏரியின் நீர்மட்டம் மீளாது என்பதையும் நான் அறிந்து ஏற்றுக்கொள்கிறேன்' என்று அதில் இருந்தது.

"இத யாரு எழுதுனது தம்பி?"

"ஆபீஸ்ல எழுதுனதும்மா. எல்லாருக்கும் இதே வாசகந்தான்."

"அவரு வரமாட்டார்னு நான் சொல்லணுமா? அவரு காதுபட?"

"ஆராய்ச்சி எல்லாம் அப்படித்தாம்மா சொல்லுது."

"அப்ப ஆராய்ச்சியவே கையெழுத்துப் போடச் சொல்லு."

கோலின் பொறுமைசாலி. நேரில் பார்த்தால் ஒப்புக்கொள்வாள் என்று நினைத்தான். அடுத்த வாரம் அளவெடுக்க ஹெலிகாப்டர் போகிறது, அவளையும் அழைத்துப்போய் பனியாறு எவ்வளவு தூரம் போய்விட்டது என்று காட்டுவதாகச் சொன்னான். வெர்னா கண்ணாடியைக் கழற்றினாள்.

"வர்றேன். ரெண்டு விஷயம். எங்க சனத்துல ஓநாய், காக்கான்னு ரெண்டு கூட்டம். ஓநாய்க் கூட்டத்துக்காரி நான் காரியம் பேசுனா, காக்காக் கூட்டத்துக்காரன் ஒருத்தன் கூட இருந்து பாக்கணும். எங்க மாப்ள காக்கா. அவனும் வருவான்."

"சரிம்மா. இன்னொண்ணு?"

"மத்தியானச் சாப்பாடு என்னோடது."

கோலினுக்கு வாயெல்லாம் பல். அவளுடைய சமையலைப் பற்றி நகரம் வரைக்கும் கேள்விப்பட்டிருக்கிறான். எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

புறப்படுகிற அன்று காலை அவளுடைய பையை டெல்மா தூக்கிப் பார்த்தாள். பாறாங்கல் கனம். திறந்தாள். உள்ளே விடுதியிலிருந்து கொண்டுவந்த பெரிய இரும்பு வாணலி, எரிவாயு அடுப்பு, இரண்டு கிலோ பேக்கன்.

"அக்கா! என்ன காரியம் பண்ணப் போற நீ?"

"சமைக்கப் போறேன்."

"அவரு முன்னாடியா? உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? எறங்கி வந்தார்னா ஊரே இருக்காது!"

"வரட்டும்டி. வந்தார்னா தண்ணியும் கூட வரும்."

"நம்ம அம்மா இருந்திருந்தா உன் கைய ஒடிச்சிருப்பா."

"அம்மா பயந்து பயந்துதான் அந்தக் காகிதத்துல கோடு போட்டா. மரியாத மரியாதன்னு முப்பத்தோரு வருஷம் காத்தப் பாத்துப் பாத்து வறுத்தேன், என்ன ஆச்சு? அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. மரியாதைக்கு வராதவர் கோவத்துக்காவது வரட்டும்."

டெல்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன மரம் மாதிரி நிக்கிறீங்க? சொல்லுங்களேன்" என்றாள். மனைவியின் அக்காவை எதிர்த்துப் பேசுகிற தைரியம் எங்கள் காக்கைக் கூட்டத்தில் எவனுக்கும் கிடையாது. நான் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஹெலிகாப்டர் ஓட்டுகிற ரஸ்ஸல் விடுதியில் அவள் கையால் தின்றே வளர்ந்தவன். அவளை முன் இருக்கையில் உட்கார வைத்து, "இடுப்புப் பட்டையப் போடுக்கா, இல்லாட்டி காத்து உன்னத் தூக்கிட்டுப் போயிரும்" என்றான்.

"உன்னோட எந்திரந்தான் என்னத் தூக்க முடியாம முக்கப் போகுது. பேசாம ஓட்டு."

மேலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு விஷயத்தின் அளவு தெரிந்தது. கீழே ஆறு இருந்த இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் வெறும் தரை. அதன் நடுவில் புழுதி சுழன்றுகொண்டு போனது. இரு பக்கமும் மலைச்சரிவில் உயரத்தில் ஒரு கோடு ஓடியது. ஒரு காலத்தில் பனி அதுவரை நிறைந்திருந்ததாம். அந்தக் கோட்டுக்கு மேலே புதர், கீழே மொட்டைக் கல். குளியல்தொட்டியில் தண்ணீர் வடிந்த பிறகு தெரிகிற அழுக்குக் கோடு மாதிரி இருந்தது. ஒரு திருப்பத்தில் பனிக்கட்டியைப் பிளந்துகொண்டு தண்ணீர் முழு வேகத்தில் தெற்கே பாய்வது தெரிந்தது. அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு அது மறைகிற வரை பார்த்தாள்.

பனியின் நுனியிலிருந்து அரை மைல் தள்ளி இறங்கி நடந்தோம். கூழாங்கல், பாறை, வழுக்குகிற சேறு. கோலின் அங்கங்கே நின்று, இந்தப் பாறை வரை இந்த வருஷம் இருந்தது, அந்தப் பாறை வரை அந்த வருஷம் இருந்தது என்று காட்டினான். துக்க வீட்டில் பேசுகிற குரலில்தான் பேசினான். வெர்னா அவன் சொன்னதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. குனிந்து குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். நேற்றுவரை பனி கிடந்த கல்லிடுக்கில் விரல் நீள வில்லோ செடிகளும் இளஞ்சிவப்புப் பூக்களும் முளைத்திருந்தன. நின்று ஒரு பூவை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள், பறிக்கவில்லை.

பனியாற்றின் முகம் எங்கள் முன்னால் நின்றது. மூன்று மாடி உயரம், அழுக்கு, அடியில் நீலம். எல்லாப் பக்கமும் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் தொப்பியைக் கழற்றினேன். சின்ன வயதிலிருந்து பயந்து பயந்து குரல் தாழ்த்திய உடம்பு, அது தானாகவே செய்தது. வெர்னா ஒரு தட்டைப் பாறையைத் தேடி அடுப்பை வைத்தாள். வாணலியை வைத்தாள்.

"அம்மா, இந்தப் பகுதியில அடுப்பு பத்த வைக்க..." என்று கோலின் இழுத்தான்.

"பசிக்குது சார், விடுங்க" என்றான் ரஸ்ஸல்.

பேக்கன் சட்டியில் விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு முப்பது வருஷமாக எனக்கு நாக்கில் எச்சில் ஊறியிருக்கிறது. அன்று நாக்கு வறண்டுவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எட்டி உதைத்துச் சட்டியைக் கவிழ்த்துவிட்டு ஓடலாமா என்று இருந்தது. பதினைந்து டன் இயந்திரத்தில் உட்கார்ந்து பனிப்புயலைத் தள்ளுகிறவன் நான், இரண்டு கிலோ கறிக்குப் பயந்து நின்றேன். கொழுப்பு உருகிப் புகை எழும்பியது. வெர்னா தன் ஏப்ரனைப் பிடித்து அந்தப் புகையைப் பனியின் முகத்தைப் பார்த்து விசிறினாள். விசிறிக்கொண்டே இருந்தாள்.

பிறகு கத்த ஆரம்பித்தாள். எங்கள் மொழியில்தான் கத்தினாள். பத்து வருஷம் அடி வாங்கியும் மறக்காத மொழி. பிறந்ததிலிருந்து 'அவரு' என்று மட்டுமே சொன்னவள் அன்று 'டேய்' என்றாள்.

"டேய்! மோப்பம் வருதா? நல்லா இழுத்து மோந்து பாரு! பன்னிக்கொழுப்புடா, ரெண்டு கிலோ! உன் மூக்குக்கு நேரா வறுக்குறேன். என்ன பண்ணுவ? எங்க பாட்டன் காலத்துல ஒரு கரண்டி கொழுப்புக்கு ஊரையே முழுங்க வந்தியாமே, எங்க போச்சு அந்த ரோஷம்? எங்க தண்ணியத் தூக்கி எவனுக்கோ குடுத்துட்டு, முதுகக் காட்டிட்டு ஓடுறியே, வெக்கமா இல்ல? நாங்க என்னடா கொற வச்சோம் உனக்கு? வாயப் பொத்திட்டு நடந்தோம், குரல ஒசத்தாம பேசுனோம். எங்களக் கேக்காம எப்படிடா நீ போகலாம்? வாடா! வந்து ஏன்டி வறுத்தன்னு கேளு! என் குடிசைய நசுக்கு, பரவால்ல! வா!"

குரல் உடைந்துவிட்டது. கன்னத்தில் தண்ணீர் ஓடியது. துடைக்காமல் நின்றாள். ரஸ்ஸலுக்கு எங்கள் மொழி ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனாலும் அவனும் தொப்பியை எடுத்துவிட்டான். கோலின் தன் காகிதப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பனியாறு சொட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அப்புறம் காற்று வந்தது. பனியின் மேலிருந்து நேராக இறங்கியது, எலும்புக்குள் போகிற குளிர். அடுப்பு பொசுக்கென்று அணைந்தது. வாணலியில் கொழுப்பு வெள்ளையாக உறைய ஆரம்பித்தது.

"கேட்டுருச்சு!" என்றாள் வெர்னா.

"தினமும் ரெண்டு மணிக்கு இந்தக் காத்து வரும்க்கா" என்றான் ரஸ்ஸல் மெதுவாக. "சாயங்காலம் வரைக்கும் அடிக்கும். அதனாலதான் நாங்க சீக்கிரம் கெளம்புவோம்."

"அப்ப தினமும் ரெண்டு மணிக்கு அவருக்குக் கோவம் வருதுன்னு அர்த்தம்." மூக்கைச் சிந்திவிட்டு கோலின் பக்கம் திரும்பினாள். "பாத்துக்கிட்டியா தம்பி? போனவன் கோவப்படுவானா? உன் காகிதத்த நீயே வச்சுக்க. சாப்பிடு, ஆறிப்போச்சு, பரவால்ல."

மூன்று பேரும் நின்றபடியே ஆறிப்போன பேக்கனைத் தின்றோம். எனக்கு வேண்டியிருக்கவில்லை, இருந்தாலும் தின்றேன். சாட்சி சொல்ல வந்தவன் பாதியில் கை கழுவக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் டெல்மா தேநீர் கொடுத்தாள். வெர்னாவே சொன்னாள். "ரொம்பத் தூரம் போயிட்டாரு டெல்மா. நான் நெனச்சதவிட ரொம்பத் தூரம். நான் சாகுறதுக்குள்ள திரும்பமாட்டாரு. அத எனக்கு எவனும் வந்து சொல்ல வேணாம், என் கண்ணாலயே பாத்துட்டேன்."

"அப்பறம் ஏன்க்கா அந்தப் பையங்கிட்ட அப்படிப் பேசுன? கையெழுத்தப் போட்டுட்டா ஒரு எடமாவது கெடைக்குமே."

"எனக்குத் தெரிஞ்சிருக்குறது வேற, நான் எழுதிக் குடுக்குறது வேற. அவர் போன எடத்துல செடி மொளைச்சிருக்குடி. இத்தினிக்கூண்டு செடி. கல்லு இன்னும் ஈரங்கூடக் காயல, அதுக்குள்ள வந்து உக்காந்துருச்சு. எவங்கிட்ட எழுதிக் குடுத்துட்டு மொளைச்சுது?"

அன்று எனக்கு இது புரியவில்லை. புலம்புகிறாள் என்றுதான் நினைத்தேன்.

கடிதம் செப்டம்பரில் வந்தது. மாற்று இடம் ரத்து. சாலை அக்டோபர் முதல் தேதி மூடப்படும். மனை எண் பதினான்கில், அதாவது அவளுடைய முகாம் நிற்கிற இடத்தில், இனி எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது. இருந்தால் அடுத்த கோடையில் அகற்றப்படும். முதல் தேதி காலையில் நான் கிரேடரை எடுத்துக்கொண்டு போய் சாலையின் குறுக்கே இடுப்பு உயரத்துக்கு மண்மேடு போட்டேன். அந்தச் சாலையை இருபத்திரண்டு வருஷம் நான் சமப்படுத்தியிருக்கிறேன். ஒவ்வொரு குழியும் எனக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பி வந்தபோது என் வீட்டு வாசலில் வெர்னா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மூடிட்டியா மாப்ளே?"

"மூடிட்டேன் மதினி. என்னத் திட்டணும்னா திட்டிருங்க."

"உன்ன எதுக்குத் திட்டணும்? சொன்னாங்க, செஞ்ச. ஏரிப்படுகை எப்ப கெட்டியா ஒறையும்?"

"நவம்பர் நடுவுல. எதுக்குக் கேக்குறீங்க?"

"உன் வண்டி அது மேல போகுமா?"

"ரெண்டு அடி ஒறைஞ்சா ரயிலே போகும்."

"மத்தியானம் உனக்குச் சாப்பாட்டு நேரம் எவ்வளவு?"

"ஒரு மணி நேரம்."

"போதும்" என்றாள்.

நவம்பர் பதினெட்டாம் தேதி, என் சாப்பாட்டு நேரத்தில், ஊர்ப்பக்கமிருந்து காய்ந்து உறைந்த படுகை வழியாக கிரேடரை ஓட்டினேன். சாலையை நான் தொடவே இல்லை. வெர்னா இரண்டு வாரமாக அங்கேயே இருந்து குடிசையை நெம்பித் தூக்கி, அடியில் இரண்டு நீள மரக்கட்டைகளைச் சறுக்காகச் செருகி வைத்திருந்தாள். அறுபத்தொரு வயதில், தனி ஆளாக. சங்கிலியை மாட்டி இழுத்தேன். குடிசை முனகிக்கொண்டு பழைய கரையை விட்டு இறங்கியது. அவள் முன்னால் நடந்து கையைக் காட்டிக்கொண்டே போனாள். பழைய கரையிலிருந்து தண்ணீர் இப்போது இருக்கிற இடம் வரை, நானூறு அடி. "இங்க" என்றாள். விட்டேன். என் சாப்பாட்டு நேரம் இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது. மேலதிகாரி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

கோலின் ஜூன் மாதம் வந்தான். மனை எண் பதினான்கு காலியாக இருந்தது, நாலு குழிதான் மிச்சம். கீழே படுகையில் குடிசையின் குழாயிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பந்தலில் வெள்ளைமீன் பிளந்து தொங்கியது. சேற்றில் ஷூ புதையப் புதைய நடந்து வந்து சேர்ந்தான். நானும் டெல்மாவும் அன்று அங்கேதான் இருந்தோம்.

"அம்மா, இங்க நீங்க இருக்கக்கூடாது."

"எந்தக் காகிதத்துல இருக்கு? பதினாலாம் மனைய விட்டுட்டேனே. போய்ப் பாரு, ஒரு ஆணிகூடக் கெடக்காது."

"அது சரிம்மா. ஆனா இது... இது என்ன எடம்னு பாக்கணும்." வரைபடத்தைப் பெட்டி மேல் விரித்தான். விரலை ஓட்டினான். பழைய கரை ஒரு கறுப்புக் கோடு. அதற்கு இந்தப் பக்கம் எல்லாம் நீலம். விரல் நீலத்தின் மேலேயே நின்றுவிட்டது.

"சொல்லு தம்பி. நான் எங்க உக்காந்திருக்கேன்?"

"வரைபடப்படி பாத்தா... ஏரிக்குள்ள."

"ஏரிக்குள்ளயா?"

"ஆமாம்மா. இங்க தண்ணி இருக்குன்னுதான் இருக்கு. இதுக்கு மனை எண் கெடையாது. எங்க அதிகாரத்துல வர்ற நெலமே இல்ல. மறுபடி அளந்து, புதுசா வரைஞ்சு, ஒப்புதல் வாங்கி... அதுக்குப் பல வருஷம் ஆகும்."

டெல்மா சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது. வெர்னா சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பேனாவை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"போன வருஷம் ஏரி போயிருச்சுன்னு என்னக் கையெழுத்துப் போடச் சொன்ன. இப்ப உன் காகிதமே ஏரி இங்கதான் இருக்குன்னு சொல்லுது. அத எழுதி நீ கையெழுத்துப் போடு. தேதியும் போடு. காக்கா ஒண்ணு பாத்துட்டு நிக்குது, சாட்சிக்கு."

அவன் பேனாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அவன் வேலைக்கு ஆபத்து வரக்கூடிய காரியம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவன் தன் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'இன்றைய அரசு வரைபடத்தின்படி இந்த இடம் ஏரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். வெர்னா அதை வாங்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு தட்டில் மீனை வைத்து அவனிடம் கொடுத்தாள், அவனும் சேற்றுக் காலோடு உட்கார்ந்து தின்றான்.

இது நடந்து ஐந்து வருஷம் ஆகிறது. வெர்னாவுக்கு அறுபத்தேழு. கோலின் நல்லபடியாகத்தான் இருக்கிறான், புது வரைபடம் இன்னும் வரவில்லை. எனக்கு ஓய்வு வயது வந்து கிரேடர் கைவிட்டுப் போனதால் பழைய டிராக்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். தண்ணீர் வருஷா வருஷம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, நூறு அடி, எழுபது அடி, ஒரு வருஷம் நூற்றைம்பது. வெர்னாவும் விடுவதாக இல்லை, குடிசையோடு அதன் பின்னாலேயே போகிறாள். இந்தக் கோடையில் தொண்ணூறு அடி போயிருக்கிறது. நேற்று குடிசைக்கு அடியில் கட்டைகளைச் செருகி முடித்துவிட்டாளாம். தரை உறைந்ததும் சங்கிலியோடு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறாள்.